பேர் மாறிடுச்சு, ஆவணத்தையும் மாத்துங்கப்பா!

காமராஜர் மாவட்டம் 1997-இல் விருதுநகர் மாவட்டம் ஆனது. இன்றைக்கும் ஒரு பட்டாசுக் கடை தன் முகவரியில் பழைய பேரைப் போட்டால் சிவகாசியே சிரிக்கும். மென்பொருள்காரர்கள் மட்டும் சிரிப்பதில்லை!

ஆப்பிளின் 'ஓஎஸ் எக்ஸ்' 2016-இல் 'மேக்ஓஎஸ்' ஆனது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் ஒரே நிரலில் ஜன்னலும் பட்டனும் வரையத்தரும் கியூடி போன்ற நூலகங்களின் ஆவணத்தில் இதைத் திருத்தினால், 'சும்மா பேர் மாற்றும் வேலை' என்கிறார்கள் சிலர்.

சும்மாவா? கியூடி 5.6-தான் எக்ஸ்பியில் ஓடிய கடைசி வரிசை. கியூடி 6-க்கு விண்டோஸ் 10-ஆவது வேண்டும். பழைய பக்கத்தை நம்பி இறக்கும் மாணவனுக்கு இரண்டு நாள் தண்டம்.

நிரலுக்குள் பழைய பேர் இருக்கட்டும். அதை மாற்றினால் அடுத்தவர் நிரல் உடையும். ஆவணம் மனுஷன் படிப்பது. போன வருட விலைப்பட்டியலை வைத்து யாராவது தீபாவளி வியாபாரம் பண்ணுவார்களா?