கோணத்துக்குக் காசா, பிடிப்புக்குக் காசா?

அமெரிக்காவில் டேபிள் சா வாங்கும் எவருக்கும் அதோடு சேர்த்து ஒரு மைட்டர் கேஜும் இலவசமாக வந்துவிடும். அதை இரண்டு மாதம் தள்ளிப் பார்த்துவிட்டு, 'இது வேலைக்கு ஆகாது' என்று ஓரமாகப் போட்டுவிட்டு, வேறு கம்பெனி தயாரித்த ஒன்றைத் தனியாகக் காசு கொடுத்து வாங்குவது அங்கே வீட்டு கராஜில் மரவேலை செய்பவர்கள் நடுவே கிட்டத்தட்ட ஒரு சடங்கு. விலை சுமார் நூறு டாலரில் ஆரம்பித்து முந்நூறைத் தாண்டியும் போகிறது. எதை வாங்கலாம் என்று பேச்சு எழுந்தால் எல்லோரும் கோணத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எத்தனை டிகிரிக்கு ஒரு ஸ்டாப் இருக்கிறது, பத்தில் ஒரு டிகிரி காட்டுமா, நூறில் ஒரு டிகிரி காட்டுமா... ஆனால் காசு போக வேண்டிய இடம் அதுவல்ல.

இந்தச் சாமானைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். டேபிள் சா என்பது இரும்பாலோ அலுமினியத்தாலோ ஆன ஒரு மேசை. அதன் நடுவில் உள்ள பிளவு வழியாக வட்ட ரம்பம் தலையை நீட்டிக்கொண்டு சுற்றும். ரம்பம் இருந்த இடத்திலேயே இருக்கும், மரத்தைத்தான் தள்ள வேண்டும். நீளவாக்கில் அறுக்கும்போது பக்கத்தில் உள்ள ரிப் ஃபென்ஸ் என்ற தடுப்பில் மரத்தை ஒட்டித் தள்ளுவார்கள். குறுக்கே அறுக்கவும் சாய்வாக அறுக்கவும் மைட்டர் கேஜ். மேசையில் ரம்பத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பள்ளம் ஓடும். வழக்கமான அளவு முக்கால் அங்குல அகலம், 3/8 அங்குல ஆழம். அந்தப் பள்ளத்தில் ஓடும் ஒரு பட்டை, அதன் மேல் டிகிரி பொறித்த அரைவட்டத் தலை, தலையின் முன்பக்கம் மரத்தைச் சாய்த்துக்கொள்ள ஒரு முகம். ஜாமெட்ரி பாக்ஸில் உள்ள பாகைமானியை ஸ்கேலின் மேல் திருகி வைத்தது போல என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இலவசமாக வருவதில் பொதுவாக மூன்று குறைகள். பட்டை பள்ளத்துக்குள் லொடலொடவென்று ஆடும். முகம் ஒரு சாண் நீளம்கூட இருக்காது, நீளமான கட்டையை அதில் சாய்த்தால் ஒரு பக்கம் தொங்கும். 90க்கும் 45க்கும் உள்ள ஸ்டாப்புகளும் ஏறத்தாழ அங்கே நிற்குமே தவிர, சரியாக அங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது.

ஏறத்தாழ நின்றால் என்ன குடி முழுகிப் போய்விடும் என்று கேட்கலாம். ஒரு போட்டோ ஃப்ரேமை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு மூலை, எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் பத்தில் ஒரு டிகிரி பிழை, எல்லாம் ஒரே பக்கமாக என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 0.8 டிகிரி. முதல் மூன்று மூலைகளையும் அழுத்தி ஒட்டிவிடலாம், பிழை முழுவதும் நான்காவது மூலைக்கு வந்து சேரும். சட்டம் இரண்டு அங்குல அகலம் என்றால் அங்கே சுமார் 1 மி.மீ. இடைவெளி தெரியும். பிழை அரை டிகிரி என்றால் இடைவெளி 5 மி.மீ. ஆகிவிடும். எட்டு மூலை கொண்ட கடிகாரச் சட்டம் என்றால் பதினாறு வெட்டு, அந்தத் தலைவலி தனி.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள்தான் அடுத்த படியாக 'டிகிரி துல்லியமாக உள்ள கேஜ் வேண்டும்' என்று கிளம்புகிறார்கள். கம்பெனிகளும் அதைத்தான் பெரிதாகப் போட்டு விற்கின்றன. இன்க்ரா வி27 என்ற பெயரில் உள்ள 27, அதில் உள்ள ஸ்டாப்புகளின் எண்ணிக்கை. ஐந்து டிகிரிக்கு ஒன்று, கூடவே இரண்டு பக்கமும் 22½. அதே கம்பெனியின் 1000எச்டியில் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு ஸ்டாப், பத்தில் ஒரு டிகிரி காட்டும் வெர்னியர். க்ரெக் கேஜில் 0, 10, 22½, 30, 45 ஆகிய இடங்களில் ஸ்டாப். எல்லாம் நல்ல சாமான்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த எண்கள் எல்லாம் தலைக்கும் பட்டைக்கும் நடுவே உள்ள கோணத்தைப் பற்றியவை. மரத்தில் விழும் வெட்டோ, தலைக்கும் பள்ளத்துக்கும் நடுவே உள்ள கோணத்தைப் பொறுத்தது. இந்த இரண்டுக்கும் இடையில் நிற்பது பட்டையின் ஆட்டம்.

அந்த ஆட்டத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அகலமான பலகையைக் குறுக்கே அறுக்கும்போது கேஜை மேசையின் முன்விளிம்புக்கு வெளியே இழுத்து வைத்துத்தான் தொடங்க வேண்டும். அப்போது பட்டையின் நுனி மட்டும் பள்ளத்துக்குள் இருக்கும். 100 மி.மீ. நீளம் உள்ளே இருக்கிறது, பக்கவாட்டில் 0.2 மி.மீ. ஆட்டம் இருக்கிறது என்றால் கேஜ் 0.11 டிகிரி வரை திரும்பும். வெர்னியரில் கண்ணைச் சுருக்கிப் பார்த்து வைத்த பத்தில் ஒரு டிகிரி, பட்டை கொஞ்சம் ஆடியதுமே போய்விட்டது! வெட்டு முடியும்போது முழுப் பட்டையும் உள்ளே இருப்பதால் ஆட்டம் குறைந்திருக்கும். ஆக, ஒரே வெட்டின் தொடக்கமும் முடிவும் வேறு வேறு கோணத்தில் போகக்கூடும்.

எனவே வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பட்டை. பக்கவாட்டில் கொஞ்சம் விரிந்து கொடுக்கும் சின்ன வில்லைகளோ திருகுகளோ இருந்து, அவற்றை ஆலன் கீ போட்டுப் பள்ளத்துக்குத் தகுந்தபடி சரிசெய்ய முடிய வேண்டும். மேசைக்கு மேசை பள்ளம் நூலளவு மாறும் என்பதால் இது அவசியம். சில சிறிய ரக ரம்பங்களில் பள்ளமே முக்கால் அங்குலம் கிடையாது, அளந்து பார்க்காமல் வாங்கினால் பட்டை உள்ளேயே போகாது. சில பள்ளங்கள் கவிழ்த்த 'T' வடிவில் இருக்கும். அவற்றில் பட்டையின் நுனியில் உள்ள வட்டத் தகடு மாட்டிக்கொண்டு, கேஜை வெளியே இழுக்கும்போது கவிழாமல் பிடிக்கும். நேர்ப்பள்ளம் என்றால் அந்தத் தகட்டைக் கழற்றிவிட வேண்டும்.

இரண்டாவது, முகத்தின் நீளமும் அதில் நகரும் நீள ஸ்டாப்பும். கோணம் பற்றிப் பேசுகிறவர்கள் மறந்துபோகும் விஷயம் ஒன்று உண்டு. நான்கு மூலையும் அச்சு அசல் 45 டிகிரியாக இருந்தாலும் எதிரெதிர்ச் சட்டங்கள் ஒரே நீளம் இல்லையென்றால் ஃப்ரேம் மூடாது. பென்சில் கோடு போட்டு, கண்ணால் பார்த்து, பத்துத் துண்டுகளை ஒரே நீளத்துக்கு அறுப்பது நடக்கிற காரியம் இல்லை. மடக்கி விடக்கூடிய ஸ்டாப் ஒன்று முகத்தில் இருந்தால் முதல் துண்டுக்கு அளந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும்.

இது வெறும் வசதி பற்றிய விஷயம் இல்லை, விரல் பற்றியது. கேஜில் ஸ்டாப் இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள்? ரிப் ஃபென்ஸையே நீள அளவுக்கு வைத்து, கட்டையின் நுனியை அதில் முட்டவிட்டு, கேஜால் தள்ளுகிறார்கள். அறுபட்ட துண்டு ஃபென்ஸுக்கும் ரம்பத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டு லேசாகத் திரும்பினால் போதும், ரம்பத்தின் பின்பக்கப் பற்கள் அதைத் தூக்கித் தள்ளுபவர் மேலேயே எறியும். கிக்பேக் என்பது இதுதான். மரம் திடீரென்று போய்விட்டால் அதைத் தள்ளிக்கொண்டிருந்த கை எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. டேபிள் சாவால் 2015-ல் மட்டும் சுமார் 33,400 பேர் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போனதாக அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் மதிப்பிட்டது. அதில் சுமார் 30,500 பேர் ரம்பத்தில் பட்டு அடிபட்டவர்கள். எல்லாம் மைட்டர் கேஜால் வந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு ஸ்டாப் கட்டையால் தவிர்க்கக்கூடிய ஆபத்தை டிகிரிக் கணக்கு பார்த்துத் தவறவிடுவது புத்திசாலித்தனம் ஆகாது.

நீளமான முகத்தில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. அது பெரும்பாலும் அலுமினியம். தலையின் கோணத்தை மாற்றும்போது முகத்தின் நுனி ரம்பத்தின் பாதைக்குள் வந்துவிடக்கூடும். மோட்டாரைப் போடும் முன் முகத்தைப் பின்னுக்குத் தள்ளி, ஒருமுறை சும்மா ஓட்டிப் பார்க்க வேண்டும். 2004 முதல் விற்பனைக்கு வந்த சாஸ்டாப் ரம்பங்களில் விரல் பட்டவுடன் ரம்பத்தை நிறுத்தும் பிரேக் இருக்கிறது. அதற்கு விரலும் அலுமினியமும் ஒன்றுதான். முகம் உரசினால் பிரேக் வெடித்துப் பாய்ந்து ரம்பத்தைக் கவ்விவிடும், பிரேக்கும் போச்சு ரம்பமும் போச்சு. முகத்தின் முன்னால் ஒரு மரப்பட்டையைத் திருகி அதை மட்டும் ரம்பம் அறுக்கும்படி விட்டால் இந்தப் பயம் குறையும். மரத்தின் பின்விளிம்பில் சிராய் பிய்வதும் குறையும்.

மூன்றாவது, பூட்டு. ஸ்டாப்பில் உட்கார்ந்த பிறகு தலை அசையக் கூடாது. ஆஸ்போர்ன் கேஜ் இங்கே வித்தியாசமான வழியைப் பிடித்தது. அரைவட்டத் தலைக்குப் பதிலாக நீளும் கை ஒன்றை வைத்து முக்கோணமாகத் தாங்கிக்கொள்கிறது. முகத்துக்கு இரண்டு இடத்தில் முட்டு கிடைப்பதால் அது நுனியில் வளைந்து கொடுக்காது. எத்தனை ஸ்டாப் என்ற கேள்வி இதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. நடைமுறையில் நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு பக்கம் கொண்ட பொருள்களுக்கு 45, 30, 22½, 15 போதும். 37 டிகிரியில் ஒரு ஸ்டாப் இருந்து யாருக்கு என்ன பயன்? வெர்னியர் கடைசி.

இன்னொன்று. கேஜை வாங்கி வந்தபின் அது சொல்வதை நம்பாமல் சோதித்துப் பார்க்க ஒரு பைசா செலவில்லாத வழி இருக்கிறது. ஐந்து வெட்டு சோதனை என்பார்கள். ஒரு ப்ளைவுட் துண்டை எடுத்து ஒரு பக்கம் அறுக்க வேண்டும். அறுத்த பக்கத்தை முகத்தில் சாய்த்து அடுத்த பக்கம், இப்படியே நான்கு பக்கமும். ஐந்தாவது வெட்டில் முதலில் அறுத்த பக்கத்திலிருந்து ஓர் அங்குல அகலத்துக்கு ஒரு பட்டை எடுத்து, அதன் இரண்டு நுனிகளிலும் அகலத்தை அளக்க வேண்டும். பட்டை 400 மி.மீ. நீளம், இரண்டு நுனிக்கும் வித்தியாசம் 0.8 மி.மீ. என்றால் நான்கால் வகுக்க 0.2 மி.மீ. அதாவது ஒரு வெட்டுக்கு 0.03 டிகிரிக்கும் குறைவு. மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் பிடிபடாத பிழையை, இது நான்கு மடங்காக்கிக் காட்டிவிடும்.

இப்போது சங்கடமான கேள்வி. இந்தச் சோதனையைப் பழைய இலவச கேஜில் செய்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பட்டை ஆடுகிறதா, அதன் ஓரத்தில் சென்டர் பஞ்ச் வைத்து நாலு தட்டு தட்டினால் உலோகம் பிதுங்கி இறுக்கமாகிவிடும். முகம் குட்டையா, அதில் உள்ள இரண்டு துளைகள் நீளமான நேர்க்கட்டை ஒன்றைத் திருகிக்கொள்ளத்தான் இருக்கின்றன. அதன் மேல் உப்புத்தாளை ஒட்டினால் சாய்வாக அறுக்கும்போது மரம் வழுக்காது. ஒரு சின்னக் கட்டையை க்ளாம்ப் போட்டால் ஸ்டாப் தயார். 90 டிகிரி வெட்டு மட்டும்தான் வேலை என்றால், இரண்டு பள்ளத்திலும் ஓடும் ப்ளைவுட் ஸ்லெட் ஒன்றைச் செய்துகொள்வது எந்த விலையுயர்ந்த கேஜையும் விட மேல். 45-க்கும் ஒரு தந்திரம் உண்டு. ஸ்லெட்டின் மேல் இரண்டு தடுப்புகளை ஒன்றுக்கொன்று சரியாக 90 டிகிரியில் வைத்து, ஒரு துண்டை இடது பக்கமும் சேர வேண்டிய துண்டை வலது பக்கமும் அறுத்தால், ஒன்று 45.1 ஆனாலும் மற்றது 44.9 ஆகிவிடும். கூட்டினால் 90. வெர்னியர் தேவையே இல்லை.

'ஸ்லெட் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடுமே, காசு கொடுத்தால் நேரம் மிச்சம்' என்று சொல்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. விதவிதமான கோணங்களில் அடிக்கடி அறுப்பவர்கள், கோணத்தை மாற்றிவிட்டு மறுபடி பழைய இடத்துக்கே வர வேண்டியவர்கள் தாராளமாக நல்ல கேஜ் வாங்கலாம். அவர்களுக்கு அது ஆடம்பரம் இல்லை. ஆனால் ரம்பம் பள்ளத்துக்கு இணையாக இல்லையென்றால் வெட்டில் கருகல் விழும். ரம்பம் மேசைக்குச் செங்குத்தாக இல்லையென்றால் மூலை மேலே மூடிக் கீழே திறக்கும். இந்த இரண்டையும் முந்நூறு டாலர் கேஜாலும் திருத்த முடியாது.

ஆக வரிசை இதுதான்: முதலில் ரம்பத்தைச் சரிபார்ப்பது, அடுத்து கையில் இருக்கும் கேஜைச் சோதிப்பது, அப்புறமும் போதவில்லை என்றால் கடைக்குப் போவது. கடையில் பட்டை, முகம், ஸ்டாப், பூட்டு என்று பார்த்துவிட்டுக் கடைசியாக டிகிரியைப் பார்த்தால் போதும். பிடித்த கோணத்தில் ஆடாமல் நிற்கும் கேஜ்தான் கொடுத்த காசுக்கு வேலை செய்யும்.