நாணமும் நாட்கடத்தலும்

நோய் தீர்வதற்கு மருத்துவனும் மருந்தும் மட்டும் போதா. நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அதனை உடனிருந்து கொடுப்போன் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவமெனத் திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் வகுத்துள்ளார். பெண்களைப் பற்றும் புற்றுநோய் குறித்து எண்ணுங்கால், எத்தாளை முதலாய நமது கரையோர ஊர்களில் இந்நான்கனுள் குறைவாயிருப்பது யாது? நான்காவதே என்பது எமது துணிபு.

ஆடவர் பலர் படிக்கும் விழா மலரில் இப்பொருள் எதற்கு எனச் சிலர் வினவலாம். ஆடவர் படிப்பதனாலேயே இதனை இங்கு எழுதுகின்றோம்.

வசதி அறவே இல்லை என்றல் பொருந்தாது. 1996ஆம் ஆண்டு தொடக்கம் சுகவனிதையர் கிளினிக்குகள் இந்நாட்டில் நடைபெறுகின்றன. 35 வயதெய்திய பெண்களைச் சிறப்பாக அழைத்து, மார்பகத்தைப் பரிசோதித்து, கருப்பைக் கழுத்தின் கலங்களை எடுத்து ஆராய்கின்றனர். கருப்பைக் கழுத்துப் புற்றுக்கான தடுப்பூசி 2017 முதல் பாடசாலை மாணவியர்க்கு இடப்படுகின்றது. மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையிற் சிகிச்சை இலவசம். இவ்வளவிருந்தும் நம் பெண்டிர் காலந்தாழ்த்துவது ஏன்?

முதலாவது காரணம், நோவின்மை. மார்பகத்திலே தோன்றும் கட்டி தொடக்கத்திற் பெரும்பாலும் நோவதில்லை. நோவாததனை நோயெனக் கொள்வாருமில்லை. எண்ணெய் பூசியும் பற்றுப்போட்டும் நேர்த்தி வைத்தும் மாதங்கள் கழிகின்றன.

இரண்டாவது, நாணம். இந்நோயின் பெயரையே நம்மவர் சொல்வதில்லை. ‘அந்த வருத்தம்’ என்பர். பெயர் சொல்லக் கூசும் நோயைப் பற்றி மகள் தாயிடமும், மனைவி கணவனிடமும் எங்ஙனம் வாய் திறப்பர்? வெளியே தெரிந்தால் மகளின் கலியாணம் குழம்பும் என்ற அச்சமும் உண்டு. மார்பகப் புற்று ஒருவரிடமிருந்து மற்றவர்க்குத் தொற்றுவதன்று. பெரும்பாலும் பரம்பரையாய் வருவதுமன்று. இதனை அறிந்தோர் வாளாவிருத்தல், அறியாதோர் அஞ்சுதலினும் பெரும் பிழையாகும்.

மூன்றாவதே கொடியது. கடற்றொழிலும் தோட்டமும் கொண்ட வீட்டில் பெண் ஒருநாள் விலகின் அடுப்பும் வேலையும் நின்றுவிடும். எனினும் கற்பிட்டிக்கோ புத்தளத்துக்கோ ஒருநாள் போய்வரலாம். மஹரகமவோ 150 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ளது. பரிசோதனை, சத்திரசிகிச்சை, வாரக்கணக்கில் நீளும் கதிர்ச்சிகிச்சை எனப் பல பயணங்கள் வேண்டும். தங்குமிடமில்லை, சிங்களம் தெரியாது, கூட வர ஆளில்லை. சிகிச்சைக்குக் காசில்லை, செல்வதற்குக் காசு வேண்டும். முதற் பயணம் எப்படியோ நிகழ்கின்றது; இரண்டாவதே தவறிப்போகின்றது. மார்பகப் புற்றைப் பொறுத்தவரை, முதலில் வைத்தியரிடம் காட்டிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் இன்னதெனத் துணியப்படல் வேண்டும் என்பது உலக சுகாதார தாபனத்தின் இலக்கு. அவ் அறுபது நாட்களும் வீட்டுப் படலைக்குள்ளேயே கழிந்தால் எவ்வைத்தியசாலைதான் என்செய்யும்?

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் அடையாற்றிலே புற்றுநோய் நிலையத்தைத் திறப்பித்தார். அவர் துயரத்தை ஓர் ஏற்பாடாக மாற்றினார். நாம் வைத்தியசாலை கட்ட வேண்டுவதில்லை; வழித்துணை ஆனாற் போதும்.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்துக்கு மூன்று யோசனைகளை முன்வைக்கின்றோம். சங்கத்தின் பணத்தில் ஒரு பங்கு, மத வேறுபாடின்றி இப்பகுதி நோயாளரின் பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் ஒதுக்கப்படுக. கொழும்பில் வாழும் பழைய மாணவர், முறைவைத்து மஹரகமவில் அவர்களை எதிர்கொண்டு மொழிபெயர்த்து உதவுக. ஆசிரியராகிய நாம், தடுப்பூசிக்குச் சம்மதங் கேட்குங் கடிதம் வீடு செல்லுமுன் பெற்றோரை அழைத்து அதன் பயனை விளக்குவோமாக.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒன்றுண்டு. இம்மலரை மூடிவைத்த பின், ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பெண்டிரிடம், கிளினிக் நாள் எதுவென மருத்துவமாதிடம் கேட்டீர்களா என்று வினவுக. வினவுவதோடு நில்லாது, அந்நாளில் அடுப்பையும் பிள்ளைகளையும் தாமே பார்த்துக்கொள்க. விழாவுக்கு வளைவும் மண்டபமும் அழகு தரும். ஒரு தாய் காலத்தில் வைத்தியசாலை சேர்வது நம் கல்விக்கே அழகு.