மருந்தும் மடையும்

மேட்டூர் அணை நிறைந்திருப்பினும், கடைமடைக்கு நீர் எட்டாவிடின் நன்னிலத்து நாற்றுப் பிழைத்தல் அரிது. மருந்துக்கும் இஃது ஒக்கும். மருந்தைக் கண்டறிதலே ஆராய்ச்சி என்றும், அதனை உரிய காலத்தில் உரியவர்க்குச் சேர்த்தல் ஏவலர் தொழில் என்றும் கற்றோர் பலர் கருதுகின்றனர். யாம் அதற்கு உடன்படேம்.

மாரடைப்பாவது, இருதயத்திற்குக் குருதி கொணரும் நாளத்தை உறைகட்டி அடைத்தலால் அதன் தசை மடியத் தொடங்குவதாம். 1988-இல் வெளியான ஐசிஸ்-2 என்னும் ஆராய்ச்சி 17,187 நோயாளரைக் கொண்டு நிகழ்ந்தது. ஆஸ்பிரின், ஸ்டிரெப்டோகைனேஸ் என்னும் இரண்டும் தனித்தனியே உயிர்காப்பதையும், கூடியவிடத்துப் பயன் மிகுவதையும் அது நிறுவிற்று. ஆயினும், உறைவைக் கரைக்கும் ஊசி மூளையிற் குருதிக் கசிவையும் விளைக்கலாம். இ.சி.ஜி. நோக்காதும் முன்நோய் வினவாதும் அதனைச் செலுத்துதல் தகாது. காலந்தாழ்த்துச் செலுத்தினாலோ பயன் குன்றும்.

இவ்விடர்க்கு வழிகாண முனைந்தது, 2017-இல் வெளியான தமிழ்நாட்டு ஆராய்ச்சி. சிறு மருத்துவமனைகளை, நாள அடைப்பை நீக்கவல்ல பெரு மருத்துவமனைகளோடு அது பிணைத்தது. ஆராயப்பட்டோர் 2,420 பேர். ஓராண்டிற்குள் இறந்தோர் தொகை நூற்றுக்கு 17.6 என்பதினின்று 14.2 ஆகக் குறைந்தது. புதுமருந்தொன்றும் அங்கே தோன்றவில்லை, ஒழுங்கே புதிது.

நன்முயற்சி யாவும் இங்ஙனம் பயன்தரும் என்னலாமோ? கேரளத்தில் 63 மருத்துவமனைகளிற் சிகிச்சைமுறையைச் செம்மைசெய்து நிகழ்த்திய ஆராய்ச்சி 2018-இல் வெளியாயிற்று. முப்பது நாளில் நேர்ந்த பெருங்கேடுகளில் ஐயமற்ற குறைவை அது காணவில்லை. ஆகவே நல்லெண்ணமும் அளந்தறிதற்குரியதே.

2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தால், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டேடின் ஆகியவற்றின் முதல்வேளை மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் துணைச் சுகாதார நிலையங்களுக்கும் வந்தன. கடைமடைவரை நீர் வந்தது எனலாம். வயலுக்குள் பாய இன்னும் ஒரு மடை திறத்தல் வேண்டும். நெஞ்சை அடைத்து வியர்த்துக் கொட்டினும், "வாய்வுதான்" என்று ஓமத்தண்ணீர் பருகி விடியுமட்டும் காத்திருப்போர் நம் ஊர்களில் உளர். அவ்விரவின் தாமதத்தை எந்த மருந்தும் ஈடுசெய்யாது.

இனி ஆராயற்பாலது அத்தாமதமே. அதில் மருத்துவர்க்கேயன்றித் தமிழ் கற்போர்க்கும் கடமையுண்டு. உழுவாரும் நடுவாரும் தம் நோவை எச்சொல்லாற் கூறுகின்றனர் என்று கேட்டறிந்து, அச்சொற்களாலேயே எச்சரிக்கை எழுதித் தருதல் நம்மால் இயலும். புலவர்க்கு மட்டும் விளங்கும் அறிவிப்பு, மடை திறவாத வாய்க்காலே அன்றோ?