பாலைத்திணையும் பாஸ்போர்ட்டும்

சென்ற மாதம் செங்கல்பட்டில் ஒரு கவிதைக் கூட்டம். வளைகுடா போனவர்களைப் பற்றி வாசிக்கப்பட்ட எட்டுக் கவிதைகளில் ஐந்தில் மணல், மூன்றில் ஒட்டகம், இரண்டில் வேடந்தாங்கல் பறவை. பேச வந்த விமர்சகர் அத்தனையையும் பாலைத்திணையில் அடக்கி, பொருள்வயிற் பிரிவின் இரண்டாயிரம் வருஷத் தொடர்ச்சி இது என்று சொல்லி உட்கார்ந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அதற்குப் பிராயச்சித்தமாக இதை எழுத வேண்டியிருக்கிறது.

பாலைத்திணை மகத்தான சிருஷ்டி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதில் ஆபத்து எங்கே இருக்கிறது? வழியில். வெயில், நீரற்ற சுரம், ஆறலை கள்வர் எல்லாமே வழியில் இருப்பவை. தலைவன் போய்ச் சேரும் இடம் அந்தப் பாடல்களின் அக்கறை அல்ல. இன்றைய ஸ்திதி இதற்கு நேர்மாறானது. மீனம்பாக்கத்திலிருந்து குவைத் போகும் வழியில் எந்தக் கள்வனும் கிடையாது. அந்தப் பிரயாணத்திலேயே பத்திரமான பகுதி வழிதான். ஆபத்து, போய்ச் சேர்ந்த இடத்தில், கபீல் எனப்படும் உத்தரவாதியின் அலமாரிக்குள் பாஸ்போர்ட் போகிற நிமிஷத்தில் தொடங்குகிறது. முதலாளி அதை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருவதில்லை, வைத்துக்கொள்வதுதான் வழக்கம். வேடந்தாங்கலுக்கு வரும் பறவை யாருடைய கையெழுத்தும் இல்லாமல் திரும்பிப் போகிறது. உவமை அந்த இடத்திலேயே செத்துவிட்டது.

எண்ணெய் நாடுகளின் ஆபத்தைக் கணக்கிட்டு விற்பதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. நாடுகளுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை பூசுகிறார்கள். ஆட்சி கவிழுமா, எண்ணெய்க் குழாய் வெடிக்குமா, மானேஜர் கடத்தப்படுவாரா? இவை வீண் கேள்விகள் அல்ல. 1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் ராணுவம் குவைத்துக்குள் நுழைந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள், பெரும்பாலும் ஈராக் வழியாக ஜோர்டானின் அம்மான் நகரத்துக்கு வந்து, ஏர் இந்தியா விமானங்களில் பம்பாய் வந்து இறங்கினார்கள். அரசு அப்போது செய்ததைக் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் 2024 ஜூன் 12 அன்று அதே குவைத்தில் யுத்தம் இல்லை, கலகம் இல்லை. எந்த வரைபடத்திலும் அது சிவப்பாக இருந்திருக்க நியாயமில்லை. அன்று விடியற்காலை மங்காஃபில் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு கட்டிடம் தீப்பிடித்தது. செத்தவர்கள் ஐம்பது பேர் அளவில். மிகப் பெரும்பான்மையினர் இந்தியர்கள். ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அவர்களைக் கொன்றது அரசியல் அல்ல, வழி அல்ல, பாலைவனமும் அல்ல. அவர்கள் படுத்துத் தூங்கிய இடம். நிறம் பூசுகிறவர்கள் அந்த அறையைப் பார்ப்பதில்லை. மணலைப் பாடுகிறவர்களும் பார்ப்பதில்லை. கன்சல்டன்டும் கவிஞரும் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் என் புகார்.

நிஜமான யுத்தத்திலும் கூலிக்காரனுக்குக் கிடைப்பது வேறு கணக்கு. 2014 ஜூனில் ஈராக்கின் மோசுலில் 40 இந்தியத் தொழிலாளர்கள் பிடித்துச் செல்லப்பட்டார்கள். தப்பி வந்த ஒருவர், மற்றவர்கள் சுடப்பட்டார்கள் என்றார். அதை அரசு ஏற்கவில்லை. 2018 மார்ச் 20 அன்று ராஜ்யசபையில் அவர்கள் இறந்துவிட்டதாக அறிவிக்கப்படும்வரை, ஏறக்குறைய நான்கு வருஷம், அந்தக் குடும்பங்கள் காத்திருந்தன. தலைவியின் காத்திருப்பு என்று இதையும் பாலையில் சேர்க்கப்போகிறோமா?

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மேஸ்திரி வேலை தெரிந்த ஒருவர், எட்டாவது வரை படித்தவர், மனைவியின் ஐந்து பவுனைக் கொண்டுவந்து வைத்தார். துபாய் போக ஏஜென்டுக்குக் கொடுக்கவேண்டும். பத்தாவது தேறாதவர் வேலைக்காக அந்த நாடுகளுக்குப் போவதென்றால் 1983ஆம் வருஷச் சட்டப்படி குடிபெயர்வு அனுமதி வாங்கவேண்டும். கூடவே கட்டாய இன்ஷூரன்ஸ். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய் பிரீமியம், உயிர் போனால் பத்து லட்சம். ஏஜென்ட் இந்தச் சிரமம் எதுவும் வைக்கவில்லை. விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தான். ஆகவே காகிதத்தில் அந்த மேஸ்திரி உல்லாசப் பயணி. அனுமதியும் இல்லை, இன்ஷூரன்ஸும் இல்லை. 275 ரூபாயை மிச்சம் பிடிக்க ஐந்து பவுன்.

இதை எழுதுவது பத்திரிகைக்காரன் வேலை, கவிதையின் வேலை அல்ல என்று நம்மில் சிலர் சொல்வார்கள். 1992இல் அமிதாவ் கோஷ், எண்ணெய் ஏன் இலக்கியம் ஆகவில்லை என்று கேட்டார். அப்துர் ரஹ்மான் முனிஃபின் நாவல்களை மதிப்பிட்டபோது கேட்ட கேள்வி அது. முனிஃபின் குடியுரிமையைச் சவூதி அரசு பறித்திருந்தது. மலையாளத்தில் 2008இல் பென்யாமினின் ‘ஆடுஜீவிதம்’ வந்தது. நம்மிடம் மீரான் மைதீனின் ‘அஜ்னபி’ மாதிரி விதிவிலக்குகள் உண்டு. நம் வட்டம் அவற்றைப் பற்றி எத்தனை பக்கம் எழுதியிருக்கிறது? வானம்பாடிகளின் கோஷத்தைக் கேலி செய்து வளர்ந்தவர்கள் நாம். தயாராக வந்த வார்த்தையால் அனுபவத்தை மூடக்கூடாது என்பதுதான் நாம் கற்ற ஒரே பாடம். பாலை இன்று அப்படித் தயாராக வந்த வார்த்தை. பழைய கோஷம் என்பதால் கோஷம் கவிதையாகிவிடாது.

மேஸ்திரியின் நகைக்கடன் சீட்டை எழுதியவன் நான்தான். கடனின் காரணம் என்ற கட்டத்தில் வழக்கம்போல ‘விவசாயம்’ என்று எழுதினேன். அவருக்கு நிலம் கிடையாது என்பது எனக்குத் தெரியும். கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்பதற்காக எழுதியது. நம் கவிதைகளில் வரும் பாலையும் அப்படி எழுதப்பட்டதுதான்.