வாங்க ஒரு படி, கொடுக்க ஒரு படி

திருட்டுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஒருவர் முதல் போட்டு எடுத்த படத்தை இன்னொருவர் ஓசியில் ஊருக்கு வாரி விட்டால் அது அநியாயமே. கடை வைத்துப் பிழைக்கும் சமுதாயத்துக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் கேள்வி வேறு. குற்றம் சாட்டப்பட்டவரை எந்த மண்ணில் விசாரிப்பது என்பதை நீதி முடிவு செய்கிறதா, வல்லரசின் விருப்பம் முடிவு செய்கிறதா?

ஜெர்மனியில் பிறந்த கிம் டாட்காம், ஹாங்காங்கைத் தளமாக வைத்து 'மெகாஅப்லோட்' என்ற இணைய நிறுவனத்தை நடத்தினார். அதில் திருட்டுப் படங்கள் குவிந்ததால் உரிமையாளர்களுக்கு 50 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்றது அமெரிக்கா. 2012 ஜனவரியில், எஃப்.பி.ஐ. கேட்டுக் கொண்டதற்காக, நியூசிலாந்தின் ஆயுதப் போலீஸ் ஹெலிகாப்டரில் வந்து அவர் வீட்டில் இறங்கியது. அங்கே நிரந்தரமாக வசிக்க அனுமதி பெற்ற அவரை உளவு பார்க்கச் சட்டத்தில் இடமில்லை. ஆனாலும் பார்த்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பிரதமர் ஜான் கீ மன்னிப்புக் கேட்டார். 2013ல் என்ன செய்தார்கள் தெரியுமா? உளவுத் துறையைத் திருத்தவில்லை. அதற்கு வசதியாகச் சட்டத்தைத் திருத்தினார்கள்!

அமெரிக்கா தன் ஆதாரங்களின் சுருக்கத்தைக் கொடுத்தாலே போதும் என்று 2014ல் நியூசிலாந்து உச்ச நீதிமன்றம் கூறியது. அதே வழக்கில் கூட்டாளிகள் இருவர் உடன்பாடு செய்து குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2023ல் நியூசிலாந்து நீதிமன்றமே அவர்களுக்குச் சுமார் இரண்டரை ஆண்டு சிறை விதித்தது. அப்படியானால் அந்த மண்ணிலேயே வழக்கை முடிக்க முடியும் என்றுதானே அர்த்தம்? ஆனால் டாட்காமை அமெரிக்காவுக்கு அனுப்பும் உத்தரவில் 2024 ஆகஸ்டில் அமைச்சர் கையெழுத்திட்டார்.

டாட்காம் கோடீசுவரர். 12 ஆண்டுகள் வெளியில் இருந்தே வழக்காட முடிந்தது. வசதியில்லாத முஸ்லிம் இளைஞர்களின் கதி என்ன? பிரிட்டனின் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, அமெரிக்கா ஆள் கேட்டால் முதல்நிலை ஆதாரம் காட்ட வேண்டியதில்லை. இணையதளம் நடத்திய வழக்கில் பாபர் அஹ்மத் 8 ஆண்டுகள் விசாரணையின்றிச் சிறையில் கிடந்தார். அவரும் தல்ஹா அஹ்ஸனும் 2012 அக்டோபர் 5ல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார்கள். பதினோரே நாளில், அமெரிக்க ராணுவக் கணினிகளுக்குள் புகுந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட கேரி மெக்கின்னனை அனுப்ப முடியாது என்றார் உள்துறை அமைச்சர் தெரசா மே. காரணம், அவருக்கு ஆஸ்பெர்ஜர் குறைபாடும் மனச்சோர்வும் இருந்ததாம். அதே ஆஸ்பெர்ஜர் தல்ஹாவுக்கும் இருந்ததே! பாபரும் தல்ஹாவும் பின்னர் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது உண்மை. ஆனால் மெக்கின்னனுக்குக் காட்டிய இரக்கத்தை தல்ஹாவுக்கு மறுத்ததற்கு அது பதிலாகாது.

வாங்கும்போது நிறைய அளந்து, கொடுக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடுதான் என்று திருக்குர்ஆன் எச்சரிக்கிறது. அது அரிசிக்கும் பருப்புக்கும் மட்டுமா? நீதிக்கும் அதே அளவுகோல்தான்.

எனவே மெக்கின்னனுக்குக் கிடைத்த இரக்கத்தைக் கண்டு நாம் பொறாமைப்படவில்லை. அதையே தல்ஹாவுக்கும் கேட்கிறோம். டாட்காம் நம் ஆள் இல்லை என்பதற்காக வாய் மூடி இருக்கவும் மாட்டோம். குற்றம் எங்கு நடந்ததோ அங்கேயே விசாரியுங்கள். ஆதாரத்தை முழுமையாகக் காட்டுங்கள். பெயரைப் பார்த்துச் சட்டத்தை வளைக்காதீர்கள் என்கிறோம்.

இளைஞர்களே, சட்டம் படியுங்கள். அடுத்தவருக்கு அநீதி நடக்கும்போது பேசப் பழகாத சமுதாயம், தனக்கு நடக்கும்போது துணைக்கு ஆள் தேடி அலைய நேரும்.