குளிரூட்டி நின்றுவிட்டால்

கீரிமலைக் கேணியில் நீராடிப் பெறும் குளிர்ச்சிக்கு மின்சாரம் வேண்டியதில்லை. ஆயினும், கேணியை வீட்டினுள் கொண்டுவர இயலாதன்றோ? 1990 ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்து, நெடுங்காலத்தின் பின் இவ்வூருக்கு மீண்டோர் கட்டிய புதுமனைகள் சிலவற்றில், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் பெற்றோருக்கென வாங்கித் தந்த குளிரூட்டியும் இடம்பெற்றுவிட்டது. அது பழுதுறும் வேளையில் எதைச் செய்யலாம், எதைத் தொடலாகாது என்பதை வீட்டிலுள்ள யாவரும் அறிந்திருத்தல் நன்று.

குளிரூட்டி குளிரைப் படைப்பதில்லை. அறையிலுள்ள வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகின்றது. அதற்கு உறுதுணையாவது வெளிப்பெட்டியிலுள்ள அமுக்கி, அதாவது கொம்பிறசர். 230 வோல்ற்று மின்சாரத்தில் ஒரு தொன் குளிரூட்டி ஏறத்தாழ 5 அம்பியர் மின்னோட்டத்தை ஏற்கும். பழைய வகை அமுக்கி புறப்படும் கணத்தில் அது பன்மடங்காகும்.

மின்வெட்டு நீங்கியவுடன் குளிரூட்டியை இயக்குதல் தகாது. குழாய்களில் உள்ள அழுத்தம் சமநிலை எய்தும்வரை மூன்று நிமிடமாவது பொறுத்தல் வேண்டும்.

வெளிப்பெட்டி முனகியபடி புறப்படாது நின்றால், பெரும்பாலும் கொள்ளளவி பழுதுற்றிருக்கும். அமுக்கி சுழலத் தொடங்க உதவும் சிறு உருளை அது. ஆளியை அணைத்த பின்னரும் அதனுள் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். ஆதலால், "மின்சாரத்தை நிறுத்திவிட்டோமே" என்ற துணிவில் பெட்டியைத் திறத்தல் பேராபத்து.

செருகியோ ஆளியோ சுட்டால், அங்கே இணைப்புத் தளர்ந்துள்ளது எனக் கொள்க. மாணவர் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். தளர்ந்த இணைப்பின் தடை 1 ஓம், மின்னோட்டம் 5 அம்பியர் எனின், அவ்விடத்தில் எழும் வெப்பம் 25 உவாற்று. வானொலி திருத்துவோர் ஈயம் உருக்கும் பற்றுக்கோலுக்கு அவ்வளவே போதும்! கடலோரத்து உப்புக்காற்று செம்பு முனைகளை அரித்து இத்தகைய தடையை வளர்க்கும். பல்லியும் எறும்பும் வெளிப்பெட்டியின் மின்பலகையுட் புகுந்து கெடுப்பதும் உண்டு.

எல்லாவற்றினும் முதன்மையானது ட்ரிப் சுவிச். வீட்டினுட் செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பி வருவதையும் அது ஒப்புநோக்கும். வேறுபாடு 30 மில்லி அம்பியரை எட்டுமுன்னரோ எட்டியவுடனோ மின்சாரத்தைத் துண்டிக்கும். குளிரூட்டியை இயக்கும்போதெல்லாம் அது விழுமாயின், மின்சாரம் எங்கோ கசிகின்றது என்பதே பொருள். ஒருமுறை தூக்கிவிட்டுப் பார்க்கலாம். மீண்டும் விழுந்தால் குளிரூட்டியின் தனி ஆளியை அணைத்துவிடுக. ட்ரிப் சுவிச்சைத் தவிர்த்து நேர்க்கம்பி தொடுப்போர் உளர். அவர்கள் போக்குவது பழுதையன்று, காவலையே. ஈரக்கையோடு பெட்டியைத் தொடும் குழந்தைக்கு அதன்பின் அரணில்லை.

ஆகவே, நாம் செய்யத்தக்கவை சிலவே: கையியக்கியின் மின்கலத்தை மாற்றுதல், ஏனைய விளக்குகள் எரிகின்றனவா எனப் பார்த்தல், ஆளியை அணைத்துத் தூசுவடியைக் கழுவி உலர்த்துதல். மின்வினைஞர் வரும்வரை, எந்த ஆளி விழுந்தது, எப்போது விழுந்தது, மழை பெய்ததா என்பவற்றை ஒரு தாளிற் குறித்து வைப்போம். பழுதின் மூலத்தை விரைந்து காண அக்குறிப்பு அவருக்குப் பெரிதும் உதவும்.