நலமாயிருப்பவர் தலைக்குள் எதைத் தேடுகிறீர்கள்?

எந்தக் குறையும் இல்லாதவர்கள் மூளை எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொள்ள ஜப்பானிய நகராட்சிகள் மானியம் தருவது இன்னும் தொடர்கிறது. 'பிரெய்ன் டாக்' என்னும் இந்தப் பரிசோதனை அங்கே பொது மருத்துவக் காப்பீட்டில் சேராது. சொந்தக் காசில்தான் எடுக்க வேண்டும். ஆனால் அதே காப்பீட்டு நிதியிலிருந்து கொல்லைப்புற வழியாக மானியம் மட்டும் வருகிறது.

படமெடுத்தால் ஏதாவது தென்படத்தான் செய்யும். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் சராசரி 63 வயதுள்ள 2,000 பேரைப் படமெடுத்த ஆய்வு 2007இல் வெளியானது. அவர்களில் 7.2 சதவீதத்தினருக்குத் தெரியாமலே மூளைத் திசு சிறிது செத்திருந்தது, 1.8 சதவீதத்தினருக்கு ரத்தக்குழாயில் வீக்கம். 3 முதல் 4 மில்லிமீட்டர் வீக்கம் ஓராண்டில் வெடிக்கும் வாய்ப்பு 0.36 சதவீதம் என்று 2012இல் சொன்னது ஜப்பானின் சொந்த ஆய்வுதான். ஆயிரத்தில் நான்கு பேர்கூட இல்லை.

வீக்கம் வெடிக்காத மற்றவர்கள் கதி? நேற்றுவரை தலைவலித்தால் ஒரு தேநீரோடு போயிற்று. இன்று லேசாகத் தலை கனத்தாலே வெடித்துவிட்டதோ என்று நெஞ்சு பதறுகிறது. பெட்டியைத் தூக்கப் பயம், கழிப்பறையில் முக்கப் பயம். குறித்த தவணையில் மறுபடி ஸ்கேன். வீக்கத்தை அடைக்கக் கிளிப் போடலாம், அல்லது குழாய்க்குள் காயில் என்னும் கம்பிச் சுருள் வைக்கலாம். இரண்டிலுமே பக்கவாத ஆபத்து உண்டு. வீக்கம் தென்பட்டவர் இப்போது முறைப்படி நோயாளி. ஆகவே செலவைக் காப்பீடு ஏற்கும், பெரும்பாலோர் முப்பது சதவீதத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டும். மானியம் கொடுத்து வரவழைத்த இந்தக் கலக்கத்தை எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள்?

இந்த வீக்கம் வெடித்து மூளை உறைக்கடியில் ரத்தம் கசியும் நோய் ஜப்பானில் அதிகம் என்பார்கள். உண்மைதான். ஆனால் இப்படித் தேடியதால் அந்த நோயின் சாவுகள் குறைந்தன என்பதற்குச் சான்று எங்கே? பிறகு ஏன் இந்தத் தேடல்? பத்து லட்சம் பேருக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட எம்.ஆர்.ஐ. கருவிகளை வாங்கி வைத்திருக்கும் நாடு அது. யானையைக் கட்டியாயிற்று, தீனி வேண்டுமே!

வேடிக்கை பார்க்கும் அந்நாட்டுச் சுகாதார மேலிடத்துக்கு இது புதிதல்ல. ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்து நியூரோபிளாஸ்டோமா புற்றைப் பிடிக்க 1980களின் நடுவில் நாடு முழுக்கக் கிளம்பியவர்கள் இவர்கள். பிடித்தார்கள், ஏராளமாக. அவற்றில் பல, விட்டிருந்தால் தானாகவே கரைந்திருக்கும். பால்மணம் மாறாத பிள்ளைகளுக்குக் கத்தியும் கீமோவும் கிடைத்தன. இந்தச் சோதனையால் சாவு குறையவில்லை என்று கியூபெக், ஜெர்மனி ஆய்வுகள் 2002இல் காட்டிய பிறகே, 2003இல் நிறுத்த மனம் வந்தது. அந்தப் பெற்றோருக்கு யார் பதில் சொன்னார்கள்?

இனியாவது ஒரு வரைமுறை வேண்டும். கருவிக்குள் படுக்க வைக்குமுன், என்னென்ன தெரியவரலாம், தெரிந்தபின் எதையெல்லாம் செய்ய இயலாது என்று ஆற அமரச் சொல்ல ஆள் வேண்டும். முழு உடல் பரிசோதனையோடு மூளை ஸ்கேனையும் சேர்த்து விற்கும் நம்மூர்க்காரர்களுக்கும் இது கேட்கட்டும். மானியத்தைக் குறைப்பதா, நிறுத்துவதா என்பதை ஜப்பானியர்களே தீர்மானிக்கட்டும். அதற்கும் இருபது ஆண்டு எடுத்துக்கொள்ளாமல் இருந்தால் சரி.